ஜூஸ் கிளென்ஸின் முதல் மூன்று நாள்: தலைவலி எங்கிருந்து வருகிறது, என்ன செய்வது?

கேள்வி இது. ஐந்து நாள் ஜூஸ் மட்டுமே குடித்து இருப்பது என்று முடிவுசெய்து நேற்றுக் காலை தொடங்கியிருக்கிறீர்கள். நாளுக்கு ஆறு பாட்டில். நேற்று இரவே தலைவலி பிடித்துக்கொண்டது, இன்று மண்டை பிளக்கிறது. காலை பதினொரு மணிவாக்கில் கை நடுங்கியது. உட்கார்ந்து எழுந்தால் கண் இருட்டுகிறது. வீட்டில் யார் வாயைத் திறந்தாலும் எரிந்து விழுகிறீர்கள். "இதெல்லாம் உடம்பிலிருந்து நச்சு வெளியேறுவதன் அறிகுறி, பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாம் நாளைத் தாண்டிவிட்டால் போதும் என்கிறார்கள், உண்மையா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

மூன்றாம் நாளைத் தாண்டலாம். பல்லைக் கடிக்க வேண்டாம். அந்த நச்சுக் கதையை மட்டும் முதலில் தூக்கி ஓரமாக வையுங்கள், ஏனென்றால் அதை நம்பும்வரை உங்கள் தொல்லைக்கு மருந்து கிடைக்காது. நீங்கள் சொன்ன ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் காரணம் இருக்கிறது. தலைவலிக்குப் பெரும்பாலும் காபி நின்றது. கண் இருட்டுவதற்கு உப்பு நின்றது. கை நடுக்கத்துக்குச் சர்க்கரை ஏறி இறங்குவது. எரிச்சலுக்கு இவை மூன்றும் போக, நாள் முழுக்க எதையும் மெல்லாமல் இருப்பது. எல்லாவற்றையும் சேர்த்து "நச்சு" என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டால், பத்து நிமிடத்தில் சரிசெய்யக்கூடியதையும் மூன்று நாள் சுமந்துகொண்டிருப்போம். அதைவிட மோசம், நிறுத்தியே ஆக வேண்டிய அறிகுறி வரும்போதும் "நல்லதுதான், வெளியே போகிறது" என்று சும்மா இருந்துவிடுவோம். உணவு ஆலோசனைதான் என் தொழில். ஜூஸ் கிளென்ஸை நானாக யாருக்கும் சொல்வதில்லை. ஆனால் செய்வேன் என்று நிற்பவரிடம் செய்யாதே என்று மட்டும் சொல்லி அனுப்பினால் அவர் எப்படியும் செய்யத்தான் போகிறார், என்ன, கவனமில்லாமல் செய்வார். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

மேலே போகும் முன் ஒரு கேள்வி, பதிலை உங்களுக்குள் சொல்லிக்கொண்டால் போதும். தினமும் ஏதாவது மாத்திரை எடுக்கிறீர்களா? இன்சுலின், அல்லது கிளிமிபிரைடு, கிளிக்லசைடு வகைச் சர்க்கரை மாத்திரை எடுப்பவர் சாப்பாட்டைக் குறைத்தால் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரைகளை எடுப்பவருக்குச் சிக்கல் வேறு மாதிரி. சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலேயே ரத்தம் அமிலமாகிவிடும் நிலை வரலாம், பட்டினி அதைத் தூண்டும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர் திடீரென்று தினமும் ஒரு கட்டுக் கீரையைச் சாறாகக் குடித்தால் அதிலுள்ள வைட்டமின் கே மருந்தின் வேலையைக் கெடுக்கும். ராமிப்ரில், டெல்மிசார்டன், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற ரத்த அழுத்த மாத்திரைகள் உடம்பில் பொட்டாசியத்தைத் தேக்கும். ஜூஸ் என்பதோ பொட்டாசியக் குவியல். மனநிலைக் கோளாறுக்கு லித்தியம் எடுப்பவருக்கு உப்பும் நீரும் மாறினாலே ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறிவிடும். கிரேப்ஃபுரூட் சாறு சில கொழுப்பு மாத்திரைகளையும் ரத்த அழுத்த மாத்திரைகளையும் உடைக்கும் நொதியை முடக்கிவிடுகிறது, அப்போது ஒரு மாத்திரை பல மாத்திரைபோல வேலை செய்யும். இந்தப் பட்டியலில் நீங்கள் இருந்தால் இங்கேயே நிறுத்திச் சாப்பிட்டுவிட்டு மருத்துவரிடம் பேசுங்கள். கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள், பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்கள், சிறுநீரகக் கோளாறோ கவுட் வாதமோ உள்ளவர்கள், ஏற்கெனவே எடை குறைந்தவர்கள் ஆகியோருக்கும் இதே பதில்தான்.

சரி, இனி தலைவலி.

தொடங்கும்வரை தினமும் எத்தனை கோப்பை காபியோ டீயோ குடித்தீர்கள்? நீங்கள் எழுதவில்லை, யாரும் எழுதுவதில்லை. நாளுக்கு 100 மில்லிகிராம் காஃபின், அதாவது ஏறக்குறைய ஒரு கோப்பை காபி பழகியிருந்தாலே போதும், திடீரென்று நிறுத்தும்போது தலைவலி வரலாம். கடைசிக் கோப்பையிலிருந்து 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தொடங்கும். ஒன்று இரண்டு நாளில் உச்சம் தொடும். சிலருக்கு இரண்டு நாளில் விடும், சிலருக்கு ஒன்பது நாள்வரை இழுக்கும். உங்கள் கதையோடு ஒப்பிட்டுப் பாருங்கள், கடிகாரம் வைத்ததுபோல் பொருந்துகிறது. மூளையில் அடினோசின் என்று ஒரு பொருள் சுரந்து நம்மைத் தளர்த்தும். காஃபின் அது உட்காரும் இடங்களை அடைத்துக்கொள்கிறது. தினமும் அடைத்தால் மூளை சும்மா இருக்குமா, கூடுதல் இருக்கைகளைப் போட்டு வைக்கும். ஒரு நாள் காஃபின் வராமல் போனால் அத்தனை இருக்கையிலும் அடினோசின் வந்து உட்கார்ந்துகொள்ளும். மூளையின் ரத்தக் குழாய்கள் விரியும், தலை கனக்கும், தூக்கம் சுழற்றும், எரிச்சல் வரும். இதில் நச்சுக்கு எந்த வேடமும் இல்லை. தினமும் மூன்று வேளை நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டு காபியை மட்டும் நிறுத்தினாலும் இதே தலைவலிதான் வரும்.

மருந்து என்ன? அரைக் கோப்பை காபி. பால், சர்க்கரை இல்லாமல் வேண்டுமானால் அப்படியே குடியுங்கள், டீயானாலும் சரி. கிளென்ஸ் விதிப்படி காபி கூடாது என்று அட்டையில் போட்டிருக்கும். அந்த விதியை எழுதியவருக்குத் தலைவலி இல்லை, உங்களுக்கு இருக்கிறது. இன்றைக்கு வழக்கமான அளவில் பாதி, நாளை அதிலும் கொஞ்சம் குறைவு என்று இறங்கி வாருங்கள். இன்னும் தொடங்காதவர்கள் இதைப் படித்தால், தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே இரண்டு நாளைக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகக் காபியைக் குறைத்து வாருங்கள். முதல் மூன்று நாளின் பாதிக் கஷ்டம் இந்த ஒரு முன்னேற்பாட்டிலேயே போய்விடும். எந்த ஜூஸை எந்த வேளைக்குக் குடிப்பது என்று பக்கம் பக்கமாகத் திட்டம் போடுகிறவர்கள் இதை மட்டும் மறந்துவிடுகிறார்கள்.

வலி மாத்திரை போடலாமா என்றால், வெறும் வயிற்றில் ஐபுப்ரோஃபென் வகை வேண்டாம். வயிற்றைப் புண்ணாக்கும், உடம்பில் நீர் குறைந்திருக்கும்போது சிறுநீரகத்துக்கும் சுமை. பாராசிட்டமால் பரவாயில்லை, ஆனால் உறையில் போட்டிருக்கும் அளவைத் தாண்டவே கூடாது. பட்டினியில் இருக்கும்போது அந்த மருந்தின் கழிவைச் செயலிழக்கச் செய்யும் குளூட்டாதையோன் கல்லீரலில் குறைந்துவிடும். உடம்பில் உண்மையிலேயே நச்சு நீக்கும் பொருள் ஒன்று உண்டென்றால் அது இதுதான். நாம் நச்சு நீக்குகிறோம் என்று சொல்லிக்கொண்டு பட்டினி கிடந்து அதைத்தான் குறைக்கிறோம்!

அடுத்து, எழுந்தால் கண் இருட்டுவது. பழ, காய்ச் சாறுகளில் பொட்டாசியம் கொட்டிக் கிடக்கும், சோடியம் மிகக் குறைவு. தொடங்கும்வரை சமைத்த உணவில் வந்துகொண்டிருந்த உப்பு ஒரே நாளில் நின்றுவிட்டது. இன்னொன்றும் கூடவே நடக்கிறது. கல்லீரலிலும் தசையிலும் கிளைக்கோஜன் என்ற பெயரில் ஏறத்தாழ அரைக் கிலோ மாவுச்சத்து சேமிப்பு இருக்கும். ஒவ்வொரு கிராமும் சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சாப்பாடு குறைந்தால் அந்தச் சேமிப்பு கரைந்து, தண்ணீர் விடுபட்டு, கொஞ்சம் உப்பையும் இழுத்துக்கொண்டு சிறுநீராகப் போகிறது. முதல் நாள் அடிக்கடி கழிப்பறைக்குப் போனீர்களே, அதில் பெரும்பங்கு இந்தத் தண்ணீர். ரத்தத்தின் கொள்ளளவு சற்றே குறைவதால் நீங்கள் சட்டென்று எழும்போது மூளைக்குப் போகும் அழுத்தம் ஒரு நொடி தடுமாறுகிறது. பீட்ரூட் சாறு நிறையக் குடிக்கிறீர்கள் என்றால் அதிலுள்ள நைட்ரேட்டும் ரத்த அழுத்தத்தைக் கொஞ்சம் இறக்கும்.

இதற்கு வைத்தியம் சுலபம். எந்தக் காய் இருக்கிறதோ அதை வேகவைத்த தண்ணீரில் கால் தேக்கரண்டி உப்பு போட்டுச் சூடாக ஒரு கிண்ணம், காலையில் ஒன்று மாலையில் ஒன்று. இரண்டும் சேர்த்து மூன்று கிராம் உப்புதான், நாளுக்கு ஐந்து கிராமுக்குக் கீழ் இருக்கட்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லைக்குள்தான் வருகிறது. உப்பைக் குறைக்கச் சொல்லி மருத்துவர் சொல்லியிருந்தால் மட்டும் இது உங்களுக்கல்ல. சூடான, உப்பான ஏதோ ஒன்று வாயில் பட்டதும் முகமே மாறிவிடும். இரண்டு நாளாக இனிப்பும் குளிர்ச்சியுமாகவே குடித்துச் சலித்த நாக்கு அது. நான் ஒருமுறை மூன்று நாள் இருந்து பார்த்தபோது, இரண்டாம் நாள் மாலை அந்தக் கிண்ணத்துக்காகக் காத்திருந்ததுபோல் வேறு எதற்கும் காத்திருந்ததாக நினைவில்லை.

தலைவலி, மயக்கம் எதைச் சொன்னாலும் "தண்ணீர் போதாது, இன்னும் குடி" என்று ஓர் அறிவுரை வரும். ஏற்கெனவே ஆறு பாட்டில் சாறு குடிக்கிறவர் அதற்கு மேல் நான்கைந்து லிட்டர் வெறும் தண்ணீரையும் ஊற்றிக்கொண்டால், உப்பும் உள்ளே வராத நேரத்தில், ரத்தத்தில் சோடியம் அபாயகரமாக நீர்த்துப்போகலாம். அதன் தொடக்க அறிகுறிகள் என்ன தெரியுமா? தலைவலியும் குமட்டலும்தான். அதை நச்சு என்று நினைத்து இன்னும் தண்ணீர் குடித்தால் அடுத்தது குழப்பம், வலிப்பு என்று போகும். தாகத்துக்குக் குடியுங்கள், சிறுநீர் இளமஞ்சளாக இருந்தால் போதும். பச்சைத் தண்ணீர்போல நிறமே இல்லாமல் போனால் அளவு மீறுகிறது என்று பொருள்.

இனி பதினொரு மணி நடுக்கம். இதைச் சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் ஜூஸ் என்ற பொருளின் குணமே இதில்தான் இருக்கிறது.

1977-இல் லான்செட் மருத்துவ இதழில் ஓர் எளிய ஆய்வு வந்தது. பத்துப் பேருக்கு ஒரே அளவு ஆப்பிளை மூன்று விதமாகக் கொடுத்தார்கள்: முழுப் பழமாக, கூழாக, நார் நீக்கிய சாறாக. மூன்றிலும் மாவுச்சத்து 60 கிராம்தான். விட்டால் சாற்றை முழுப் பழத்தைவிடப் பதினொரு மடங்கு வேகமாகக் குடித்து முடித்துவிடலாம். வேகத்தைச் சமப்படுத்திக் கொடுத்தபோதும் சாறு கூழைவிடக் குறைவாகவும், கூழ் பழத்தைவிடக் குறைவாகவும்தான் வயிறு நிறைந்த உணர்வைத் தந்தது. ரத்தச் சர்க்கரை மூன்றிலும் ஏறக்குறைய ஒரே உயரத்துக்குத்தான் ஏறியது. ஆனால் சாற்றுக்குப் பிறகு இன்சுலின் கூடுதலாகச் சுரந்து, சர்க்கரை சடாரென்று கீழே இறங்கியது. முழுப் பழம் தின்றபோது அந்தச் சரிவு இல்லை.

உங்கள் காலை எட்டு மணி பாட்டிலில் என்ன இருந்தது? ஆரஞ்சு, ஆப்பிள், அன்னாசி என்று பழமாகவே இருந்திருந்தால், அதை அவசரத்தில் இரண்டு நிமிடத்தில் கவிழ்த்தும் இருந்தால், பதினொரு மணி நடுக்கம் அந்தச் சரிவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அரை லிட்டர் ஆப்பிள் சாற்றில் கிட்டத்தட்ட 50 கிராம் சர்க்கரை. உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, பழச்சாற்றில் இருக்கும் சர்க்கரையும் கரண்டியால் அள்ளிப் போடும் சர்க்கரையும் ஒரே கணக்கில்தான் வரும். 2000 கலோரி உண்பவருக்கு நாள் முழுவதற்கும் அதன் மேல் எல்லை 50 கிராம், முடிந்தால் 25. ஒரு பாட்டிலிலேயே நாள் கணக்கு முடிந்துவிடுகிறது. ஆறு பாட்டிலும் அப்படியென்றால் கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆகவே விகிதத்தைத் திருப்புங்கள். பாட்டிலில் முக்கால் பங்கு வெள்ளரி, செலரி, தக்காளி, சுரைக்காய் போன்ற நீர்க்காய், கால் பங்கு மட்டும் பழம். சுவைக்கு எலுமிச்சையும் இஞ்சியும். கேரட்டும் பீட்ரூட்டும் காய் என்று பெயர் வாங்கியிருந்தாலும் சர்க்கரை விஷயத்தில் பாதிப் பழம்தான். ஒரு பாட்டிலை அரை மணி நேரம் வைத்துக் குடியுங்கள். வாயில் சற்று நிறுத்தி விழுங்கினால் வேகம் தானாகக் குறையும், ஆனால் எலுமிச்சை, ஆரஞ்சு போட்ட சாறு பல்லின் மேற்பூச்சை அரிக்கும் என்பதால் அதை மட்டும் உறிஞ்சுகுழாயில் குடித்து வெறும் தண்ணீரால் கொப்பளியுங்கள். உடனே பல் துலக்கக் கூடாது, அரை மணி நேரமாவது போகட்டும். ஆறு பெரிய பாட்டிலுக்குப் பதில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சிறு கோப்பையாகப் பிரித்துக்கொள்வதும் நல்லது. வடிகட்டாமல் நார்க்கூழையும் சேர்த்துக் குடித்தால் இன்னும் நல்லது. அது ஜூஸ் அல்ல ஸ்மூத்தி என்று யாராவது சண்டைக்கு வந்தால் வரட்டும்.

கீரை பற்றி ஒரு வார்த்தை. சர்க்கரை இல்லாதது என்று பசலைக்கீரையைக் கட்டுக்கட்டாகப் பிழிபவர்கள் உண்டு. 100 கிராம் பசலைக்கீரையிலேயே ஆக்சலேட் என்ற, சிறுநீரகத்தில் படிகமாகப் படியக்கூடிய பொருள் பல நூறு மில்லிகிராம் இருக்கும். தட்டில் வைத்தால் ஒரு கைப்பிடி தின்போம், சாறாக்கினால் ஒரு கட்டு ஒரு டம்ளரில் அடங்கிவிடுகிறது. கூடவே வைட்டமின் சி மாத்திரையும் நிறைய விழுங்கினால் அதிலும் ஒரு பகுதி உடம்பில் ஆக்சலேட்டாக மாறும். பச்சைச் சாற்றுக் கிளென்ஸ் செய்து ஆக்சலேட் படிகங்கள் அடைத்து சிறுநீரகம் பழுதானவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் இருக்கின்றன. சிறுநீரகம் ஏற்கெனவே பலவீனமானவர்களுக்கே ஆபத்து அதிகம், ஆனால் தங்கள் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பரிசோதித்துத் தெரிந்துகொண்டவர்கள் எத்தனை பேர்? பசலையையும் பீட்ரூட்டையும் ஒரே நாளில் சேர்க்காதீர்கள். லெட்டூஸ், வெள்ளரி, முட்டைக்கோஸ் என்று மாற்றிக்கொள்ளுங்கள். இன்னொன்று, பீட்ரூட் குடித்த மறுநாள் சிறுநீரோ மலமோ சிவப்பாக வந்தால் ரத்தம் என்று பதறவேண்டாம், சிலருக்கு அந்தச் சாயம் அப்படியே வெளியே வரும். பீட்ரூட் குடிக்காமல் சிவப்பாக வந்தால் பதறுங்கள்.

பசி. கிளென்ஸ் தொடங்குபவர்கள் அதிகம் பயப்படுவது இதற்கு, ஆனால் மற்ற மூன்றையும் சரிசெய்துவிட்டால் சமாளிக்கச் சுலபமானது இதுதான். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் வயிற்றில் சுரக்கிறது. ஒரு நாளுக்கும் மேலாகப் பட்டினி இருந்தவர்களிடம் அதை அளந்து பார்த்தபோது, அது நேரம் போகப் போக ஏறிக்கொண்டே போகவில்லை. வழக்கமாகச் சாப்பிடும் நேரங்களில் எழுந்தது, எதுவும் சாப்பிடாமலேயே பிறகு தானாக இறங்கியது. பசி அலைபோல வந்து போகிறது. அந்த அரை மணி, முக்கால் மணி நேரத்தைக் கடத்தினால் போதும். அடுப்படிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு கடத்த முடியாது, அது வேறு விஷயம். மற்றவர்கள் சாப்பிடும் நேரத்தில் ஒரு நடை போய்வாருங்கள், அல்லது உங்கள் பாட்டிலையும் அந்த நேரத்துக்கே வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாள் பசி மறைந்துவிடும் என்று சொல்லியிருப்பார்கள். தண்ணீர் மட்டும் குடித்துப் பட்டினி இருப்பவர்கள் சொன்னதை ஜூஸ்காரர்கள் கடன் வாங்கிக்கொண்டார்கள். வெறும் தண்ணீரில் இருப்பவருக்கு இரண்டு மூன்று நாளில் உடம்பு கொழுப்பை எரித்துக் கீட்டோன் தயாரிக்கத் தொடங்கும், பசி மட்டுப்படுவதற்கு அது ஒரு காரணம் என்று கருதப்படுகிறது. உங்களுக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சர்க்கரை உள்ளே போகிறது, கீட்டோன் அந்த அளவுக்கு உருவாகாது. ஆக மூன்றாம் நாள் அற்புதம் ஒன்றும் நடக்கப்போவதில்லை. காஃபின் தலைவலி உச்சத்தைத் தாண்டியிருக்கும், பழக்கப் பசி சற்று இளகியிருக்கும், அதைத்தான் "உடம்பு லேசாகிவிட்டது" என்கிறார்கள். அதுவும் வேண்டாம் என்றா சொல்கிறேன்? நல்லதுதான். ஆனால் பசி போகவில்லையே, என்னிடம் ஏதோ கோளாறு என்று மட்டும் நினைக்காதீர்கள்.

கை நடுங்கினாலோ பசி பொறுக்கவில்லை என்றாலோ சாப்பிடுங்கள். ஒரு கைப்பிடி பாதாமோ நிலக்கடலையோ, ஒரு வேகவைத்த முட்டையோ, அரை வெள்ளரிக்காயோ, மென்று தின்னுங்கள். கிளென்ஸ் "உடைந்துவிடும்" என்பார்கள். உடைவதற்கு அது மண்பானையா? ஒரு பெரியவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராம் புரதம் தேவை, 60 கிலோ எடைக்கு 48 கிராம். ஆறு பாட்டில் சாற்றில் அதில் பாதிகூடத் தேறாது. ஐந்து நாளில் யாரும் தசை இழந்து எலும்பும் தோலுமாகிவிடப் போவதில்லை என்றாலும், நாளுக்கு இரண்டு முறை இப்படிக் கொஞ்சம் புரதமும் கொழுப்பும் சேர்ந்தால் சர்க்கரையின் ஏற்ற இறக்கமும் தணியும். கேரட்டிலும் கீரையிலும் உள்ள பீட்டா கரோட்டினும் வைட்டமின் கேயும் கொழுப்போடு சேர்ந்தால்தான் குடலில் சரியாக உறிஞ்சப்படும். கொட்டை தின்னாமல் குடிக்கும் கேரட் சாற்றில் பாதி நிறத்துக்குத்தான்.

வயிற்றைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, இன்றோ நாளையோ எழுதுவீர்கள். ஆப்பிளிலும் பேரிக்காயிலும் சார்பிட்டால் என்ற சர்க்கரை வகை இருக்கிறது, அதோடு ஃப்ரக்டோஸும் மிகும்போது சிறுகுடலால் முழுதாக உறிஞ்ச முடியாமல் பெருங்குடலுக்குப் போய் நொதிக்கும். வயிறு உப்பும், இரையும், பேதியாகும். பழத்தைக் குறைத்தால் நின்றுவிடும். மூன்றாம் நாளுக்கு மேல் நேர்மாறாக மலம் வராமலே போகலாம், நார் இல்லாதபோது வெளியே வர என்ன இருக்கிறது? அதற்காகப் பேதி மருந்து, உப்புத் தண்ணீர் குடித்துக் குடல் கழுவுவது போன்ற வேலைகள் வேண்டவே வேண்டாம். இருக்கும் சோடியமும் பொட்டாசியமும் அதில்தான் தாறுமாறாகும்.

நச்சைப் பற்றி இன்னும் சற்றே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உங்களுக்கு அரைமனதாகவே இருக்கும். உங்கள் சிறுநீரகங்கள் ஒரு நாளில் 180 லிட்டர் திரவத்தை வடிகட்டுகின்றன, அதில் பெரும்பகுதியைத் திருப்பி எடுத்துக்கொண்டு ஒன்றரை இரண்டு லிட்டரை மட்டும் வெளியே விடுகின்றன. கல்லீரல் மருந்தையும் மதுவையும் உடம்பின் சொந்தக் கழிவையும் வேதியியல் முறையில் மாற்றி வெளியே அனுப்பக்கூடியதாக ஆக்குகிறது. இரண்டும் நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் ஓயாமல் நடப்பவை. டீடாக்ஸ் உணவுமுறைகளைப் பற்றி 2015-இல் வெளியான ஒரு மதிப்பாய்வுக் கட்டுரை, விற்பனைக்கு வரும் இந்தத் திட்டங்கள் மனிதர்களிடம் பலன் தருகின்றனவா என்று முறையான ஒப்பீட்டுச் சோதனை ஒன்றுகூட அதுவரை நடக்கவில்லை என்று சொன்னது. எந்த நச்சு, முன்பு எவ்வளவு இருந்தது, பிறகு எவ்வளவு என்று உங்களிடம் கிளென்ஸ் விற்றவரைக் கேட்டுப் பாருங்கள்.

மூன்றாம் நாள் காலை எடை இயந்திரத்தில் ஏறுவீர்கள், ஏறாதீர்கள் என்றாலும் ஏறுவீர்கள். ஒன்றரை, இரண்டு கிலோ குறைந்திருக்கும். மேலே சொன்ன கிளைக்கோஜனில் கரைந்த பங்கும் அது பிடித்துவைத்த தண்ணீரும்தான் அந்தக் கணக்கில் முக்கால்வாசி. சாப்பிடத் தொடங்கிய இரண்டு மூன்று நாளில் திரும்பி வந்துவிடும். வந்ததும் மனம் உடைந்து மறுபடி ஒரு கிளென்ஸ் தொடங்குபவர்களைப் பார்த்திருக்கிறேன். முன்பு சாப்பாட்டோடு மல்லுக்கட்டி நோயாகவே ஆனவர்கள், பசியை வெல்வதில் ஒரு மிதப்பு வருவதை உணர்பவர்கள், ஐந்தாம் நாளை நினைத்து மகிழாமல் சாப்பாடு திரும்பி வருமே என்று பயப்படுபவர்கள், இவர்களுக்கு இந்த விளையாட்டே ஆகாது. யாரிடமாவது மனம்விட்டுப் பேசுங்கள்.

சமையலறையில் ஒரு கவனம். காய்ச்சாத சாற்றில் கிருமியைக் கொல்ல எந்த வெப்பமும் இல்லை. 1996-இல் அமெரிக்காவின் மேற்குப் பகுதியிலும் கனடாவிலும் பாஸ்ச்சரைஸ் செய்யாத ஆப்பிள் சாறு குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் ஈ.கோலை கிருமியால் நோயுற்றார்கள், ஒரு குழந்தை இறந்தது. அதன் பிறகுதான் அமெரிக்காவில் அப்படிப்பட்ட சாறு பாட்டில்களில் எச்சரிக்கை வாசகம் கட்டாயமானது. கீரையையும் பழத்தையும் ஓடும் நீரில் நன்றாகக் கழுவுங்கள், அடிபட்டு அழுகத் தொடங்கியதைச் சேர்க்காதீர்கள், பிழிந்ததைக் குளிர்பெட்டியில் வைத்து ஒரு நாளுக்குள் குடித்துவிடுங்கள். ஜூஸர் சல்லடையை உடனே கழுவுங்கள், காய்ந்தபின் கழுவுவது தனித் தண்டனை.

உடற்பயிற்சி இந்த ஐந்து நாளும் மெதுநடை மட்டும். கொதிக்கக் கொதிக்கக் குளிப்பதும் நீராவி அறையும் வேண்டாம், ரத்தக் குழாய் விரிந்து மயங்கி விழுந்தவர்கள் உண்டு. கண் இருட்டுகிற அன்றைக்கு வண்டி ஓட்டாதீர்கள். குளிர் அதிகம் தெரியும், ஒரு போர்வை கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பது வீட்டாருக்கும் தெரியும், ஆனாலும் "இந்த வாரம் நான் சிடுசிடுப்பேன், பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். பாதிச் சண்டை மிச்சமாகும்.

உடனே நிறுத்த வேண்டியவை இவை: மயங்கி விழுதல், இதயம் தாறுமாறாகத் துடித்தல், பேச்சோ யோசனையோ குழறுதல், திரும்பத் திரும்ப வாந்தி, சிறுநீர் வெகுவாகக் குறைதல், கைகால் தூக்க முடியாத தளர்ச்சி. இவற்றில் ஒன்று வந்தாலும் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். போனதும் எத்தனை நாளாக என்ன குடிக்கிறீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

ஐந்து நாளைத் தாண்டி நீட்டாதீர்கள். மிகக் குறைந்த உணவில் அதற்கு மேல் இருந்தவர்கள், குறிப்பாக மெலிந்தவர்கள், திடீரென்று நிறையச் சாப்பிடும்போது ரத்தத்தில் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் சரிந்து இதயம்வரை பாதிக்கும் நிலை ஒன்று உண்டு. ஐந்தாம் நாள் மாலை விருந்துக்கு ஒத்துக்கொள்ளவும் வேண்டாம். முதல் வேளை வழக்கத்தில் பாதி அளவு, நன்றாக வெந்தது, எண்ணெய் குறைந்தது. மறுநாள் முழு உணவு.

இப்போதைக்கு உங்களுக்கு வேலை மூன்று. அரைக் கோப்பை காபி, உப்பு போட்ட காய்த் தண்ணீர் ஒரு கிண்ணம், ஒரு கைப்பிடி கொட்டை. ஒரு மணி நேரம் படுத்திருங்கள். காஃபின் தலைவலியாக இருந்தால் அதற்குள் நன்றாகவே தளர்ந்திருக்கும், மாலை பாட்டிலை நிதானமாகக் குடித்துத் தொடரலாம். தளரவில்லை என்றால் இன்று இரவு சாதாரணமாகச் சாப்பிட்டுத் தூங்குங்கள். சாப்பிட்டும் காலையில் அதே வலி இருந்தால் காரணம் வேறாகவும் இருக்கலாம், மருத்துவரைப் பாருங்கள்.